இத்தாலியின் 2025 கோடை: கோச் மாற்றமும் வீரர் சந்தையும் – கேள்வி பதில்

2025 கோடையில் இத்தாலியின் முதல்தரக் கால்பந்து லீக்கான சீரி ஆவின் கிளப்புகள் செய்த மாற்றங்களைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். விலைகள் எல்லாம் செய்திகளில் அடிபட்ட சுமார் கணக்கு. போனஸ் சேர்ந்தால் கொஞ்சம் கூடும்.

புதிதாக சீரி ஆ பார்ப்பவர்: அண்ணா, ஒரே கோடையில் ஏன் இத்தனை கோச் மாறினார்கள்? யார் எங்கே போனார்கள் என்றே குழம்புகிறது.

குழம்புவது நியாயம்தான். 2024-25 பட்டியலில் முதல் பத்து இடம் பிடித்த அணிகளில் ஆறு அணிகள் அடுத்த சீசனைப் புது கோச்சோடு தொடங்கின. மியூசிக்கல் சேர் விளையாட்டு போலத்தான், ஒருவர் எழுந்தால் வரிசையாக எல்லோரும் நகர வேண்டியிருந்தது.

ஆனால் இந்தக் கதையின் தொடக்கம் எழுந்திருக்காத ஒருவர். 82 புள்ளிகளோடு, இன்டரை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, நாப்போலிக்குப் பட்டம் வாங்கித் தந்த கோச் கோன்டே, பழைய வீடான யுவென்டஸுக்குத் திரும்புவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர் நாப்போலியிலேயே இருந்துவிட்டார். யுவென்டஸ் அடுத்து காஸ்பெரினியை நாடியதாகச் செய்தி. அவரோ ஒன்பது சீசன் இருந்த அட்டலாண்டாவை விட்டு ரோமாவுக்குப் போனார். ரோமாவைக் கரையேற்றிய ரனியேரி தானே விலகிக்கொண்டு ஆலோசகர் ஆகிவிட்டதால் அங்கே இடம் இருந்தது. யுவென்டஸுக்குக் கடைசியில் கையில் இருந்த டூடோரையே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கம், மே 31 அன்று மியூனிக்கில் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி. இன்டர் பாரிஸ் (பிஎஸ்ஜி) அணியிடம் 5-0 என்று நொறுங்கியது. சில நாட்களில் இன்டர் கோச் சிமோனே இன்சாகி சவுதியின் அல் ஹிலாலுக்குக் கிளம்பிவிட்டார். இன்டர் ஃபாப்ரிகாஸைக் கேட்டது, கோமோ விடவில்லை. அதனால் பார்மாவிலிருந்து கிவு வந்தார். பார்மா, அர்செனலில் ஆர்டெட்டாவுக்கு உதவியாளராக இருந்த 29 வயது கார்லோஸ் குவெஸ்டாவை எடுத்தது. அட்டலாண்டாவுக்கு யூரிச், மிலானுக்கு அல்லெக்ரி, ஃபியோரென்டினாவுக்கு பியோலி, லாட்சியோவுக்கு சாரி. லாட்சியோவிலிருந்து வெளியேறிய பரோனி டொரினோவுக்கு.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தாலியில் வீரர் சந்தையைப் புரிந்துகொள்ள, யார் கோச் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்ற பதில்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கும்.

இன்டர் ரசிகர்: சீரி ஆவில் வெறும் 13 ஆட்டம் கோச்சாக இருந்த கிவு கையில் இவ்வளவு பெரிய அணியைக் கொடுத்தது சரியா சார்?

அந்த 13 ஆட்டங்களில்தான் பார்மாவைக் கீழிறங்காமல் காப்பாற்றினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு முன் இன்டரின் இளையோர் அணிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2010-ல் மூன்று கோப்பை வென்ற இன்டர் அணியில் விளையாடியவர். (அதே அணியில் இருந்த மாட்டெராட்ஸிதான் பிறகு சென்னையின் எஃப்சிக்கு கோச்சாக வந்து 2015-ல் ஐஎஸ்எல் கோப்பை வாங்கித் தந்தார். நம் ஊர்க்காரர்களுக்கு இன்டர் மேல் ஒரு பாசம் இருப்பதற்கு அதுவும் காரணம்.)

என் பார்வையில் முடிவு சரிதான். இன்சாகி நான்கு சீசனில் ஒரு லீக் பட்டமும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியும் தந்தார். ஆனால் அசெர்பி, மிகிதாரியான், சோமர், டார்மியான் என்று முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் நிறைய. கோடையில் கிளப் வாங்கியவர்களைப் பாருங்கள்: சூசிச், போனி, லூயிஸ் ஹென்ரிக்கே, டியூஃப். எல்லோரும் இளைஞர்கள். ஸ்பெட்ஸியாவில் லோனில் (தற்காலிக இரவலாக) இருந்த பியோ எஸ்போசிட்டோவையும் திரும்ப அழைத்து அணியிலேயே வைத்துக்கொண்டார்கள். இளைஞர்களை வளர்க்கத் தெரிந்த ஆள்தான் அதற்குத் தேவை. அனுபவம் வேண்டும் என்று நினைத்த ஒரே இடம் தடுப்பாட்டம். கடைசி நாளில் பவாரை மார்செய்க்கு அனுப்பிவிட்டு, மான்செஸ்டர் சிட்டியிலிருந்து அகாஞ்சியை லோனில் எடுத்தார்கள்.

நாப்போலி ரசிகர்: ஒசிம்ஹென், குவாராட்ஸ்கெலியா இரண்டு பேரையும் விற்றுவிட்டு 34 வயது டி ப்ரூய்னேயை எடுத்தது புத்திசாலித்தனமா?

இரண்டு விற்பனையும் நல்ல விற்பனை. குவாராட்ஸ்கெலியாவை 2025 ஜனவரியில் சுமார் 7 கோடி யூரோவுக்கு பாரிஸிடம் கொடுத்தார்கள். கொடுத்த பிறகும் பட்டம் வென்றார்கள்! ஒசிம்ஹென் விஷயம் இன்னும் சுவாரசியம். 2024 கோடையில் விற்க முடியாமல் கலாட்டாசராய்க்கு லோனில் அனுப்பினார்கள். அங்கே அவர் கோலாக அடித்துத் தள்ளியதால், ஒரு வருடம் கழித்து அதே கிளப் 7.5 கோடி யூரோ தவணை முறையில் தர ஒப்புக்கொண்டது. அதோடு, இரண்டு ஆண்டுகளுக்கு வேறு இத்தாலியக் கிளப்புக்கு விற்கக் கூடாது என்று நாப்போலி தலைவர் டி லாரென்டிஸ் ஒரு நிபந்தனையும் போட்டார். மனிதர் பேரத்தில் கெட்டிக்காரர், அதை எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

டி ப்ரூய்னேக்குக் கிளப் விலை கிடையாது (பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் பழைய கிளப்புக்கு எதுவும் தர வேண்டியதில்லை), சம்பளம்தான் செலவு. அக்டோபர் 25 அன்று இன்டருக்கு எதிராகப் பெனால்டி அடிக்கும்போதே தொடைத் தசை கிழிந்து மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார். முப்பதைத் தாண்டியவர்களை எடுக்கும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆகஸ்டில் லுகாகுவும் காயம்பட்டதால்தான் கடைசி நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து ஹோய்லுண்டை அழைத்து வந்தார்கள்.

உண்மையான புத்திசாலித்தனம் 2024-ல் நடந்தது. யுனைடெட் வேண்டாம் என்று விட்ட மெக்டாமினேயை சுமார் 3 கோடி யூரோவுக்கு எடுத்தார்கள். லீக்கில் 12 கோல், சீசனின் சிறந்த வீரர் விருது. அவர் எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லித் தர ஒரு கோன்டே இருந்தார் என்பதுதான் விஷயம்.

பி.காம் மாணவர்: ‘வாங்கியே தீர வேண்டிய லோன்’ என்கிறார்களே, கடைசியில் வாங்கத்தான் போகிறார்கள் என்றால் நேரே வாங்கிவிட வேண்டியதுதானே?

நல்ல கேள்வி. இத்தாலியில் நிறையப் பேரங்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன.

ஒரு வீரரை 4 கோடி யூரோவுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு 80 லட்சமாகப் பிரித்து எழுதுவார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்க ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஈஎஃப்ஏ விடாது. லோனில் எடுத்தால் இந்தச் செலவு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். இந்த வருடம் லோன் கட்டணமும் சம்பளமும் மட்டும்தான். அதற்குள் சாம்பியன்ஸ் லீக் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கை.

ஹோய்லுண்ட் ஒப்பந்தமே சரியான உதாரணம். லோன் கட்டணம் சுமார் 60 லட்சம் யூரோ. நாப்போலி அடுத்த சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றால் சுமார் 4.4 கோடி கொடுத்து வாங்கியே தீர வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது பணம் வருகிற வருடத்தில்தான் பணம் போகும். தகுதி பெறாவிட்டால் கட்டாயம் இல்லை. இதில் ‘உரிமை’ என்று இருந்தால் விருப்பப்பட்டால் வாங்கலாம், ‘கட்டாயம்’ என்று இருந்தால் அந்த நிபந்தனை நிறைவேறியதும் தப்ப முடியாது. செய்தி படிக்கும்போது இந்த ஒரு வார்த்தையை மட்டும் தேடுங்கள்.

அதே மாணவர்: அப்படியானால் விற்கும்போது லாபக் கணக்கு எப்படி?

மேலே சொன்ன வீரரை இரண்டு வருடம் கழித்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தக மதிப்பு 2.4 கோடி மிச்சம். 3 கோடிக்கு விற்றால் 60 லட்சம் லாபம். சொந்த அகாடமியில் வளர்ந்த பையன் என்றால் புத்தக மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், விற்ற தொகை முழுவதும் லாபம். உள்ளூர்ப் பையன்களை ஏன் இவ்வளவு சுலபமாக விற்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இதில் தில்லுமுல்லும் நடந்திருக்கிறது. இரண்டு கிளப்புகள் வீரர்களை மாற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் விலையை ஏற்றி எழுதினால், காசே கைமாறாமல் லாபம் காட்டலாம். இந்த விவகாரத்தில்தான் யுவென்டஸுக்கு 2023 ஜனவரியில் 15 புள்ளிகள் வெட்டப்பட்டு, மேல்முறையீடுகளுக்குப் பிறகு 10 என்று முடிந்தது.

மிலான் ரசிகர்: ரெய்ண்டர்ஸ், தியோ இருவரும் போய்விட்டார்கள். அல்லெக்ரியும் 40 வயது மோட்ரிச்சும். எங்கள் நிலைமை அவ்வளவுதானா?

அழாதீர்கள் தம்பி. எட்டாவது இடத்தில் முடித்து ஐரோப்பியப் போட்டியே இல்லாமல் போன கிளப் அது. வருமானம் குறையும்போது ரெய்ண்டர்ஸுக்கு சிட்டி ஐந்தரைக் கோடி தருகிறது என்றால் மறுப்பது கஷ்டம். ஆனால் ஐரோப்பா இல்லாததில் ஒரு வசதி உண்டு. வாரத்தில் ஒரு ஆட்டம் இருந்தால் மோட்ரிச்சுக்கு ஓய்வு கிடைக்கும், அல்லெக்ரிக்குப் பயிற்சி நேரம் கிடைக்கும். முந்தைய சீசனில் ஃபொன்சேக்கா, கொன்சேயிசாவ் என்று இரண்டு கோச்களோடு தடுமாறிய அணிக்கு, 2011-ல் இதே கிளப்புக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஆள் வருவது பின்னடைவு இல்லை.

நடுக்கள வீரர் ராபியோ மிலானுக்கு வந்தது தனிக்கதை. ரென் அணியிடம் தோற்றபின் மார்செய் உடைமாற்றும் அறையில் ராபியோவும் ஜோனதன் ரோவும் மோதிக்கொண்டார்கள். கிளப் இருவரையும் விற்பனைக்கு வைத்தது. ஒருவர் மிலானுக்கு, மற்றவர் போலோன்யாவுக்கு. ஃபிரான்ஸில் நடந்த ஒரு சண்டையில் இத்தாலிக்கு இரண்டு வீரர்கள் லாபம்! யுவென்டஸில் அல்லெக்ரியிடம் விளையாடியவர் என்பதால் ராபியோவுக்குப் புதிதாகச் சொல்லித்தர எதுவும் இல்லை.

லாட்சியோ ரசிகர்: நாங்கள் ஏன் ஒருவரைக்கூட வாங்கவில்லை?

வாங்க அனுமதி இல்லை. கடன், கையிருப்பு, சம்பளச் செலவு விகிதம் ஆகியவற்றைச் சோதிக்கும் விதிகளில் தவறியதால் அந்தக் கோடையில் சந்தையே மூடப்பட்டது. அப்படியும் சாரி விலகவில்லை.

சந்தேகக்காரர்: மோட்ரிச், டி ப்ரூய்னே, ஜெக்கோ, வார்டி, இம்மொபிலே... சீரி ஆ இப்போது முதியோர் இல்லம்தானே?

பாதி உண்மை. வார்டி கிரெமோனேஸேவுக்கு வந்தபோது 38, ஃபியோரென்டினாவுக்கு ஜெக்கோ வந்தபோது 39. இதற்குப் பின்னால் காசு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் வீரர்களின் வருமானத்தில் பாதிக்கு வரி இல்லை என்ற சலுகை 2023-ன் முடிவோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் உச்ச ஆட்ட வயதில் இருக்கும் நட்சத்திரத்துக்கு இங்கிலாந்து தரும் சம்பளத்தை இத்தாலி தருவது ரொம்பச் சிரமம். கிளப் விலை இல்லாமல் வரும் மூத்த வீரர்தான் கைக்கு எட்டுகிறார்.

மறுபாதியையும் பாருங்கள். மியூனிக்கில் இன்டரை நசுக்கிய பாரிஸ் அணியில் டொன்னாரும்மா, ஹக்கிமி, மார்க்கினியோஸ், ஃபாபியான் ரூயிஸ், குவாராட்ஸ்கெலியா என்று ஐந்து பேர் இத்தாலியக் கிளப்புகளிலிருந்து போனவர்கள். ஹக்கிமி இன்டரே விற்றவர், அன்று முதல் கோல் அவருடையது. ஆளைக் கண்டுபிடிக்கும் கண் இத்தாலியில் இன்னும் இருக்கிறது. பிடித்து வைத்துக்கொள்ளத்தான் பணம் இல்லை.

அட்டலாண்டா ரசிகர்: லுக்மன் போகிறேன் என்று அடம்பிடித்தும் ஏன் விடவில்லை?

ரெடேகியை ஏற்கெனவே சவுதியின் அல் காத்ஸியாவுக்கு ஆறரைக் கோடிக்கு மேல் விற்றாயிற்று. முந்தைய சீசனில் 25 கோல் அடித்தவர் அவர். லுக்மனையும், அதுவும் உள்நாட்டுப் போட்டியாளரான இன்டருக்கு, கேட்டதைவிடக் குறைந்த விலையில் கொடுக்க மனம் வரவில்லை. 2024 யூரோப்பா லீக் இறுதியில் மூன்று கோல் அடித்தவரைப் பயிற்சிக்கே வராத அளவுக்குக் கசப்பாக்கியது இரு தரப்புக்கும் நஷ்டம்தான் என்பேன்.

அதே ரசிகர்: சரி, கோச் தேர்வு? யூரிச் காஸ்பெரினியின் சீடர்தானே, ஏன் எடுபடவில்லை?

காஸ்பெரினி போன பிறகும் அதே ஆட்டம் வேண்டும் என்று அவரிடம் விளையாடிக் கற்ற ஒருவரை எடுத்தார்கள். ஆளுக்கு ஆள் காவல் காக்கும் அந்தப் பாணி ஒன்பது சீசன் பயிற்சியில் ஊறியது. திட்டத்தை நகலெடுக்கலாம், அந்த ஒன்பது சீசனை எப்படி எடுப்பது? நவம்பர் 10 அன்று யூரிச் போய், பல்லாடினோ வந்தார்.

அவர் மட்டும் இல்லை. ஜெனோவா நவம்பர் தொடக்கத்தில் வியெய்ராவை அனுப்பிவிட்டு டி ரோஸ்ஸியை அழைத்தது. லீக்கில் முதல் பத்து ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லாத ஃபியோரென்டினா பியோலியை நீக்கி வனோலியை வைத்தது. அரைமனதோடு வைத்துக்கொண்ட டூடோரை யுவென்டஸ் அக்டோபர் 27 அன்று நீக்கி, ஜூனில் நார்வேயிடம் 3-0 என்று தோற்று தேசிய அணிப் பதவியை இழந்த ஸ்பல்லெட்டியைக் கொண்டு வந்தது.

யுவென்டஸ் ரசிகர்: நீக்கிய கோச்சுக்குச் சம்பளம் உண்டா?

உண்டு. தானாக ராஜினாமா செய்தால்தான் கிடையாது. நீக்கினால் ஒப்பந்தம் முடியும்வரை, அல்லது வேறு வேலை கிடைக்கும்வரை, கொடுத்தாக வேண்டும். 2025 மார்ச்சில் நீக்கிய தியாகோ மோட்டாவுக்கு 2027 வரை ஒப்பந்தம். டூடோருக்கும் 2027 வரை. ஸ்பல்லெட்டி வந்து உட்கார்ந்த நாளில் உங்கள் கிளப்பின் சம்பளப் பட்டியலில் மூன்று கோச்கள் இருந்தார்கள்.