டெல்லி கணேஷ் நடிப்பில் அப்படி என்ன விசேஷம்? எந்தப் படங்களில் ஆரம்பிக்கலாம்?

முதலில் அவர் பேச்சைக் கவனியுங்கள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் தமிழ் மாறும் என்பதைத் தெரிந்து பேசிய நடிகர்களில் அவர் முன்வரிசை.

1944இல் பிறந்தவர். சொந்த ஊர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு. 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படை வேலை. டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். பெயருக்கு முன்னால் டெல்லியை ஒட்டியவர் கே. பாலசந்தர். அவர் இயக்கி 1977இல் வந்த 'பட்டினப் பிரவேசம்'தான் முதல் படம். அதன் பிறகு 400 படங்களுக்கு மேல்.

'பசி'யில் (1979) தொடங்குங்கள். சென்னைக் குடிசைப் பகுதி, ஷோபாவுக்கு அப்பா வேஷம். மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது இதற்குத்தான். பின்னாளில் ஐயர் வேஷமாகவே கொடுத்துத் தள்ளினார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு, 'அவருக்கு என்ன, வீட்டில் பேசுவதைக் கேமரா முன்னால் பேசிவிட்டுப் போவார்' என்பவர்களுக்கு இந்தப் படம் போதும்.

அடுத்து 'சிந்து பைரவி' (1985). இவர் வேஷமான மிருதங்க வித்வான் குருமூர்த்தி குடித்துவிட்டு மேடையேறுகிறார். வாடை தெரிந்ததும் பாடகர் ஜே.கே.பி. (சிவகுமார்) அவரை இறக்கிவிட்டு, மிருதங்கம் இல்லாமலே கச்சேரியை நடத்துகிறார். எல்லாரும் பாட்டைத்தான் கேட்பார்கள். நீங்கள் எழுந்து போகிறவரைப் பாருங்கள். பிற்பாதியில் அதே ஜே.கே.பி. குடியில் விழும்போது இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். குருமூர்த்தியின் அவமானம் நமக்கு உறைத்திருந்தால்தான் அந்தத் திருப்பமும் உறைக்கும்.

'நாயகன்' (1987) வேறு வகைச் சிக்கல். பம்பாய் தாதா வேலு நாயக்கருக்கு (கமல்ஹாசன்) இந்தி வராது, கூட இருக்கும் ஐயர்தான் மொழிபெயர்ப்பார். சொன்னதையே இன்னொரு தரம் சொல்லும் வேஷம், கொஞ்சம் அசந்தால் பார்க்கிறவனுக்கு அலுப்புத் தட்டிவிடும். இவர் வாயில் நாயக்கரின் வார்த்தை வருகிறது, முகத்தில் தன் பயம் தெரிகிறது. அலுப்புக்கு இடமே இல்லை.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) சொல்லவே வேண்டாம். பாலக்காட்டு மணி ஐயர், சமையல்காரர் காமேஸ்வரனின் வளர்ப்புத் தந்தை. கிரேசி மோகன் வசனத்தில் வார்த்தைக்கு வார்த்தை எதிர்வார்த்தை உண்டு. சிரிப்புக்கு இடம் விட்டு நிறுத்தினால் அடுத்தது விழாது, 'நான் ஜோக் சொல்கிறேன்' என்று முகம் காட்டினாலும் கெட்டுவிடும். சாம்பாரில் மீன் விழும் கல்யாண அமளியில் மணி ஐயருக்குத் தன் மானம் போகிற கவலைதான்; காமெடிப் படத்தில் நடிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்த மாதிரியே இருக்காது. பாலக்காட்டு இழுவையையும் கேலியாக்காமல் அந்த மனிதரின் மூச்சாகவே பேசியிருப்பார்.

சின்னத்திரையில் 'கஸ்தூரி', 'செல்லமே' என்று நிறைய உண்டு. ஆனால் தினத்தொடரில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரே உணர்ச்சியை வாரக்கணக்கில் நீட்டும் வடிவம் அது, இவர் பலமோ ஒரு நொடியில் சொல்லிவிட்டு நகர்வது.

நேரம் குறைவென்றால் இரண்டு படம் போதும்: 'அபூர்வ சகோதரர்க'ளில் (1989) வில்லன் நால்வரில் ஒருவராக வரும் பிரான்சிஸ் அன்பரசு, அடுத்த ஆண்டே வந்த மணி ஐயர். இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள்.