'இளமையான முகம் வேண்டும்' என்று நிறுத்திவிட்டார்கள்: சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: கோத்தகிரியில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் 14 ஆண்டுகளாகச் செய்தி வாசித்தேன். வயது 49. பசுந்தேயிலை விலை, மழை அறிவிப்பு, துக்கச் செய்தி, ஹெத்தையம்மன் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் என் குரல்தான். போன மாதம் எச்.டி. கேமரா வாங்கினார்கள். 'முகத்தில் சுருக்கம் தெரிகிறது அக்கா, இனி இளமையான முகம் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்' என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். மறுநாளிலிருந்து வேலை இல்லை. நியமனக் கடிதம் கிடையாது. வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாதாமாதம் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். அதே சேனலில் விவாதம் நடத்தும் ஆண் தொகுப்பாளருக்கு 61 வயது. அவர் தொடர்கிறார். இது வயதுப் பாகுபாடு இல்லையா? வழக்குப் போட முடியுமா? தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு இன்னொரு முறை போய்க் கேட்டுப் பார் என்கிறாள் என் தங்கை.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது 'பாகுபாடு' என்ற சொல் அல்ல, 'போன மாதம்' என்ற சொல். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்தக் குரல்பதிவு வந்த தேதியோடு முப்பது நாளைக் கூட்டி, கிடைக்கிற தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

உங்களுக்கு நடந்தது பாகுபாடுதான். அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் தனியார் முதலாளி ஒருவர் மீது 'வயதுப் பாகுபாடு' என்ற பெயரில் வழக்குத் தொடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்கிறது. அந்த வரிசையில் வயது கிடையாது. 14, 16 ஆகிய பிரிவுகள் பொதுவான சமத்துவத்தைப் பேசினாலும் அவை கட்டுப்படுத்துவது அரசை. மலையில் நாலைந்து ஊருக்குப் படம் காட்டும் கேபிள்காரரை அல்ல. தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதி போன்ற அரசு அமைப்பு ஒன்று இதே காரணத்தைச் சொல்லி ஒருவரை நிறுத்தினால், 14ஆவது பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் படியேறலாம். மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அது பெற்றோர், முதியோர் பராமரிப்பைப் பற்றியது. வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எச்.டி. கேமரா என்று நீங்கள் எழுதியதும் எனக்குப் பிரிட்டனில் நடந்த ஒரு வழக்குதான் நினைவுக்கு வந்தது. பிபிசியின் 'கன்ட்ரிஃபைல்' என்ற கிராமப்புற நிகழ்ச்சி 2009இல் ஞாயிறு மாலையின் முக்கிய நேரத்துக்கு மாறியது. அதையொட்டி நாற்பது, ஐம்பது வயதுகளில் இருந்த நான்கு பெண் தொகுப்பாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மிரியம் ஓ'ரெய்லி, அப்போது வயது 51. எச்.டி. வரப்போகிறது, முகச் சுருக்கத்தில் கவனமாக இருங்கள் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். பிபிசிக்கும் உங்கள் கேபிள்காரருக்கும் கேமரா வாங்கியதும் தோன்றியது ஒரே யோசனைதான் பாருங்கள்! அறுபதைத் தாண்டிய ஜான் கிரேவன் அந்த நிகழ்ச்சியில் தொடர்ந்தார்.

ஓ'ரெய்லி தீர்ப்பாயத்துக்குப் போனார். 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதன் தர்க்கத்தை ஊன்றிப் படிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் முதலாளியும் அதே சாக்கைத்தான் சொல்வார். இளைய பார்வையாளர்களை ஈர்க்க நினைப்பது நியாயமான நோக்கம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்காக வயதில் மூத்தவர்களை அகற்றித்தான் ஆக வேண்டும் என்பது நிறுவப்படவில்லை என்றது. வயதுப் பாகுபாடு காட்டியதும், புகார் செய்தவரைப் பழிவாங்கியதும் உண்மை என்று முடிவானது. பிபிசி மன்னிப்புக் கேட்டது. பால் பாகுபாடு என்ற குற்றச்சாட்டு மட்டும் தோற்றது.

அங்கே வயதைக் காட்டி வென்றார், பெண் என்பதைக் காட்டித் தோற்றார். இங்கே நீங்கள் நடக்க வேண்டிய பாதை இதற்கு நேர் எதிர். வயதுக்குச் சட்டம் இல்லை, பாலுக்கு இருக்கிறது. ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019 பால் அடிப்படையில் ஊதியத்திலும் வேலைக்கு எடுப்பதிலும் பணி நிபந்தனைகளிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 61 வயது ஆணுக்குச் சுருக்கம் தெரியாத கேமரா 49 வயதுப் பெண்ணுக்கு மட்டும் எப்படிக் காட்டுகிறது என்ற கேள்வியை உங்கள் மனுவில் ஒரு தனிப் பத்தியாக எழுதுங்கள். இதை மட்டும் நம்பி வழக்கைக் கட்ட வேண்டாம். செய்தி வாசிப்பும் விவாதம் நடத்துவதும் வேறு வேறு வேலை என்று எதிர்த்தரப்பு தப்பிக்கப் பார்க்கும். ஆனால் நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் நியாயமானது அல்ல என்று காட்ட இது நல்ல துணை.

நம் உச்ச நீதிமன்றமும் இந்த விஷயத்தைத் தொட்டிருக்கிறது. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கு, நர்கேஷ் மீர்சா வழக்கு என்பார்கள். 35 வயதில் ஓய்வு, அதற்கு மேல் நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம், முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. கர்ப்ப விதியையும் இயக்குநரின் கட்டற்ற அதிகாரத்தையும் நீதிமன்றம் ரத்து செய்தது. வயது ஏறினால் பெண்ணின் கவர்ச்சி குறையும் என்ற வாதத்தையும் கடிந்து ஒதுக்கியது. அது அரசு நிறுவனம், உங்களுடையது தனியார். ஆகவே நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் மனுவில் ஒரு வரி குறிப்பிட்டால் படிக்கும் அதிகாரி சற்று நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது அந்த முப்பது நாளுக்கு வருகிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். மீறினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்கான கெடு முப்பது நாள். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்டுப் பார்க்கலாம்; அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். விளம்பரம் பிடித்து நடத்தும் சேனல் அலுவலகம் இந்தச் சட்டத்தின் 'வணிக நிறுவனம்' என்பதற்குள் வரும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது.

இந்த வழியை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழில் தகராறாகக் கொண்டுபோனால் 'இவர் தொழிலாளியே அல்ல, கலைஞர்' என்று எதிர் வக்கீல் ஆரம்பிப்பார். அதற்கு அவர் கையில் தீர்ப்பும் இருக்கிறது: போபாலின் பாரத் பவன் நாடகக் கலைஞர்கள் தொழிலாளிகள் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. கடைகள் சட்டத்தில் அந்தத் தலைவலி இல்லை. அங்கே கேள்வி, நீங்கள் 'வேலைக்கு அமர்த்தப்பட்டவரா' என்பது மட்டும்தான்.

'சம்பளம் அல்ல, வவுச்சரில் கொடுத்த சன்மானம்' என்பார்கள். பதில் தயாராக வைத்திருங்கள். சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், 1973இல், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய, வேண்டாம் என்றால் வேலையை மறுக்கவும் முடிந்த தையல்காரர்களைக்கூட ஆந்திரக் கடைகள் சட்டத்தின் கீழ் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் என்றே உச்ச நீதிமன்றம் ஏற்றது. உங்கள் நிலை அவர்களைவிட உறுதியானது. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தச் சேலை கட்ட வேண்டும், எந்தச் செய்தியை முதலில் வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் தங்கையை அனுப்பி வாசிக்கவைக்க முடிந்ததா? இவற்றை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.

தொழில் தகராறு வழியையும் மூடிவிட வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில், மின்னணு ஊடகத்தில் வேலை செய்யும் பத்திரிகையாளரும் உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் வருகிறார். நீங்கள் வாசித்ததோடு நிற்காமல், தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் போன் போட்டு விலை கேட்டு எழுதியிருந்தால், பேட்டி எடுத்திருந்தால், அது செய்தியாளர் வேலை. 'செய்தி வாசிப்பவர்' என்ற சொல்லே பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒலி-ஒளித் தொழிலாளர் என்ற வரையறையில் இடம்பெற்றிருக்கிறது. அத்தகையவரை எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வரையறைக்குச் சம்பள உச்சவரம்பும் உண்டு, உங்கள் 10,000 அதற்கு உட்படுகிறதா என்று வக்கீல் பார்த்துச் சொல்வார். ஆக, உங்களிடம் நியமனக் கடிதம் இல்லாதது உங்கள் குற்றம் ஆகாது. தகராறு எழுப்ப இரண்டு ஆண்டு வரை நேரம் இருப்பதால் அவசரம் முதல் வழிக்குத்தான்.

பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, மறந்துவிடாதீர்கள். ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட வேண்டும். 10,000 ரூபாயை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து 14 ஆண்டால் பெருக்கினால் ஏறத்தாழ 80,770 ரூபாய். நிறுவனத்தில் பத்துப் பேராவது வேலை செய்திருக்க வேண்டும். நான்கு பேர்தான் என்று முதலாளி விரல் மடக்குவார். ஒயர் இழுக்கும் பையன்கள், வீடு வீடாகச் சந்தா வசூலிப்பவர்கள், கேமரா, எடிட்டிங், அலுவலகம் கூட்டும் அம்மா எல்லாரையும் நீங்கள் எண்ணுங்கள்.

சாட்சியங்களை இன்றே பத்திரப்படுத்துங்கள். அந்தக் குரல்பதிவை யாருக்கும் அனுப்பித் திட்டி எழுதாதீர்கள், அழிக்காதீர்கள், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். பாரதிய சாட்சிய அதிநியமம், 2023இன் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் தர வேண்டும், மூலப் போன் கையில் இருந்தால் வேலை சுலபம். சேனலுக்கு யூடியூப் பக்கம் இருந்தால் உங்கள் பழைய செய்தித் தொகுப்புகளைத் தேதியோடு தரவிறக்கி வையுங்கள். இன்று இருப்பது நோட்டீஸ் போன மறுநாள் இருக்காது. சம்பளம் வங்கியில் வந்திருந்தால் கணக்கு அறிக்கை, இல்லாவிட்டால் வவுச்சர் நகல் அல்லது படம்.

இனி ஓர் எச்சரிக்கை. 'ஒரு மாதச் சம்பளம் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் அக்கா' என்று ஒரு தாள் வரும். அதில் 'என் சொந்த விருப்பத்தின்பேரில்' என்றோ 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்றோ ஒரு வரி இருக்கும். இந்த மலையில் நான் பார்த்த நல்ல வழக்குகளில் பாதி செத்தது அந்த ஒரு வரியில்தான். பணத்தை வாங்கிக்கொள்ளலாம், 'உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டேன்' என்று உங்கள் கையால் எழுதிய பிறகு.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, பிரிவு 12இன்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உதகை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். மறுபடி வேலை கொடு என்று உத்தரவு வரலாம். ஆனால் இவ்வளவு சிறிய இடத்தில், முகம் பிடிக்கவில்லை என்றவரின் கேமரா முன் தினமும் போய் உட்காருவது எளிதல்ல; பெரும்பாலும் இவை பணமாகத்தான் முடிகின்றன. பார்வையாளர்களுக்கு இளமைதான் வேண்டும் என்று உங்கள் முதலாளி எதை வைத்து முடிவு செய்தார் என்பது எனக்குப் புரியவில்லை. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடும் இரவுகளில், நாளை பஸ் உண்டா, பள்ளி உண்டா என்று காத்திருப்பவர் வாசிப்பவரின் கன்னத்தையா பார்த்துக்கொண்டிருப்பார்? ஜக்கனாரை, கட்டபெட்டு, பேரகணி என்று ஊர்ப் பெயர்களைத் தடுமாறாமல் சொல்கிறாரா என்றுதான் கேட்பார்.

கடைசியாகத் தங்கையின் யோசனை. கனடாவில் லிசா லஃப்லாம் என்ற மூத்த செய்தி வாசிப்பாளர் கொரோனாக் காலத்தில் சாயத்தை விட்டு நரையோடு திரையில் வந்தார். 2022இல், 58 வயதில், அவரது ஒப்பந்தத்தை சிடிவி தொலைக்காட்சி முடித்துக்கொண்டது. வணிக முடிவு என்றது நிறுவனம். நரைதான் காரணமா என்று அந்த நாடே கேட்டது. சாயம் பூசுவதும் பூசாததும் உங்கள் விருப்பம். அந்த அலுவலகத்துக்குப் போவதென்றால் மட்டும், மேல்முறையீட்டு மனுவைக் கொடுத்து முத்திரை குத்திய நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள், தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். யோசனை சொன்னவர் சாட்சியாகவும் இருக்கட்டும்.