வேல்ஸ் நாட்டுக் கிராமங்களில் பழைய தெருவிளக்குகளை எப்படி அடையாளம் காண்பது?

பகலில் போனால் பாதிதான் தெரியும். அந்தி நேரத்தில் போய் நில்லுங்கள். எரியத் தொடங்கும்போது செக்கச்செவேலென்று இருந்து, பத்து நிமிடம் வாக்கில் அடர்மஞ்சளுக்கு மாறினால் அது குறையழுத்த சோடியம் விளக்கு. முதலில் ஒளிர்வது நியான் வாயு. சூடேறி சோடியம் ஆவியானதும் மஞ்சள் வரும். ஒளி 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒரே மஞ்சள் நிறமாக இருப்பதால், கீழே நிற்கும் சிவப்புக் கார்கூட அழுக்குப் பழுப்பாகத் தெரியும். இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

பொன்னிற ஒளியில் நிறங்கள் ஓரளவு பிரிந்து தெரிந்தால் உயரழுத்த சோடியம். நீலம் கலந்த வெள்ளையா? மெல்ல மெல்லப் பிரகாசமானால் பாதரச ஆவி விளக்காக இருக்கலாம். போட்டதும் பளிச்சென்று எரிந்தால் எல்இடி, நடையைக் கட்டலாம்.

கம்பத்தையும் கவனியுங்கள். மரத்தாலான மின்கம்பத்தில் குட்டைக் கை வைத்துப் பொருத்திய விளக்குகள் அங்கே உண்டு. கான்கிரீட் கம்பம் வெடித்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால், உடனே படம் எடுத்துவிடுங்கள். அந்தக் கம்பத்தைச் சீக்கிரமே மாற்றிவிடுவார்கள்.