ஸ்டாஃப் பிடிக்க ஓர் ஆள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 76. 1968-ல் பட்டாளத்தில் சேர்ந்தார், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. 71 போரில் பசந்தர் பக்கம் இருந்தாராம். 83-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். ஏ.எம்.ஐ.இ. முடித்து, கட்டுமான கம்பெனியில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றார். நாலு வருஷத்துக்கு முன் அம்மா தவறிவிட்டார். இப்போது வேலூர் பக்கம் எங்கள் கிராமத்தில் தனியாக இருக்கிறார். சென்னைக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறார். ஊர் ஏரி, பழைய சிப்பாய்களின் பென்ஷன் மனு, இதுதான் அவருக்கு உலகம். பென்ஷனில் பாதி இதற்கே போகிறது. பஸ் செலவு, ஜெராக்ஸ், ஏரிக்கரையில் லெவல் எடுக்கும்போது ஸ்டாஃப் பிடிக்கப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஞாயிறுதோறும் 200 ரூபாய். போன மாதம் மதகுப் படியில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிவிட்டது. என் மகளின் பிறந்த நாளுக்குக்கூட வரவில்லை. யாரோ ஒரு அம்மாவின் பென்ஷன் விஷயமாகப் பெங்களூர் போய்விட்டார். நானும் சிவில் படித்தவன்தான், இப்போது ஐ.டி.யில் இருக்கிறேன். இந்த அளவுகளால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஊருக்கு உழைக்கிறவர் குடும்பத்தை மறக்கலாமா? அவரை எப்படி நிறுத்துவது?
பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. சிலர் வீட்டில் ஏரி, சிலர் வீட்டில் கோயில் திருப்பணி, சிலர் வீட்டில் ஊர் நூலகம். ‘அப்பா எங்களை மறந்துவிட்டார்’ என்ற வரி மட்டும் எல்லாக் கடிதத்திலும் வந்துவிடும். வயதானால் அப்படித்தான், மெல்லப் பேசிப் பாருங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை.

உங்கள் செலவுக் கணக்கின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. ஸ்டாஃப் பிடிக்கப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 200 ரூபாய். பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் பக்கத்தில் அதையும் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். கொஞ்சம் தள்ளி, ‘நானும் சிவில் படித்தவன்தான்’ என்கிறீர்கள். இரண்டையும் எழுதியது ஒரே கைதானா?

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். லெவல் எடுப்பது, அதாவது தரையின் மேடு பள்ளத்தை அளப்பது, ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் முக்காலியில் கருவியை வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். இன்னொருவர் தூரத்தில், அளவு போட்ட நீளமான கோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கோல்தான் ஸ்டாஃப். பிடிக்க ஆள் இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட இன்ஜினீயரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கல்லூரி சர்வே வகுப்பில் உங்களையும் வெயிலில் அதைப் பிடித்து நிற்க வைத்திருப்பார்கள். அந்த வேலை தெரிந்த பிள்ளை இருக்கும்போது, 76 வயது மனுஷர் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்கிறார். உங்களுக்கோ அந்த 200 ரூபாய் வீணாகிறதே என்று வருத்தம்.

அவர் உங்களிடம் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். கேட்கிற மாதிரி கேட்டிருக்க மாட்டார். ‘ஞாயித்துக்கிழமை என்னப்பா வேலை?’ என்று போனில் கேட்டிருப்பார். நீங்கள் ‘கொஞ்சம் பிஸிப்பா’ என்றிருப்பீர்கள். அதோடு சரி. இன்னொன்றும் விசாரித்துப் பாருங்கள். அந்தப் பையனுக்குக் கூலி எப்போதிலிருந்து? உங்கள் அம்மா இருந்தவரை கோலைப் பிடித்தது யார்?

இந்த அளவுகளால் ஒன்றும் ஆகாது என்கிறீர்களே, அதைப் படித்தபோது நிஜமாகவே கோபம் வந்தது. மண் கரை வருஷா வருஷம் அமுங்கும். மாடு ஏறும், டிராக்டர் ஏறும், எலி வளை தோண்டும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாகப் போக வேண்டும். கரை ஏதாவது ஓர் இடத்தில் கலங்கல் மட்டத்துக்குத் தாழ்ந்துவிட்டால், தண்ணீர் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். கல் கட்டிய கலங்கல் அதைத் தாங்கும். மண் கரை தாங்காது, விடிவதற்குள் உடைப்பெடுத்துவிடும். அரை அடித் தாழ்வு நடந்து போகிறவன் கண்ணுக்குத் தெரியாது, லெவலில்தான் தெரியும். தமிழ்நாட்டில் ஏரியும் கண்மாயுமாக ஏறத்தாழ 39,000 இருக்கின்றன. அதில் ஆயக்கட்டு (பாசன நிலம்) 40 ஹெக்டேருக்குக் குறைந்த சின்ன ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றியத்து இன்ஜினீயர் எத்தனை கரையில்தான் நடப்பார்? ‘கரை பலவீனமாக உள்ளது, ஆவன செய்யவும்’ என்று மனு போட்டால் அது நூற்றோடு நூற்றொன்று. மதகிலிருந்து இத்தனையாவது மீட்டரில் கரை இத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று லெவல் புக்கோடு போய் நின்றால், நாற்காலியில் இருப்பவர் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை அது. சிவில் படித்தவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

அப்புறம், பசந்தர். அங்கே ‘இருந்தாராம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்ற அப்பா போன போர், அதற்கு ஒரு ‘ஆம்’. பக்கத்துத் தெருவில் நடந்த கல்யாணத்தைப் பற்றி எழுதுகிற மாதிரி.

பசந்தர், பாகிஸ்தானின் ஷக்கர்கர் பகுதியில் ஓடும் ஆறு. 1971 டிசம்பர் 15, 16 தேதிகளில் நம் டாங்கிகள் அதைக் கடக்க வேண்டியிருந்தது. அக்கரை நெடுகக் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். அதில் வழி திறந்து கொடுத்தது சாப்பர்கள். வழி முழுசாகத் திறப்பதற்குள்ளேயே, வேறு வழியில்லாமல் ‘17 பூனா ஹார்ஸ்’ என்ற படைப்பிரிவின் டாங்கிகள் அந்தக் கண்ணிவெடி நிலத்துக்குள் இறங்கின. அந்தப் படைப்பிரிவின் இளம் அதிகாரி அருண் கேதர்பால் இறந்து, பரம்வீர் சக்கரம் பெற்ற சண்டை அதுதான். அவருக்கு அப்போது 21 வயது. உங்கள் அப்பாவுக்கு 22.

கையால் கண்ணிவெடி தேடுவது எப்படி என்று தெரியுமா? தரையோடு தரையாகப் படுத்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் செலுத்தித் தடவித் தடவிப் போக வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும். தேடி முடித்த இடத்தில் வெள்ளை நாடா விரித்துக்கொண்டு பின்னால் இன்னொருவர் வருவார். உங்கள் அப்பா முன்னால் போனவரா, பின்னால் நாடா விரித்தவரா, இல்லை வேறு வேலை பார்த்தாரா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அதுதான் கொடுமை. (ராணுவத்தில் மதராஸ் சாப்பர்களைச் செல்லமாக அழைப்பதே ‘தம்பி’ என்றுதான். உங்களை அப்படிக் கூப்பிடக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. பழக்கதோஷம், வந்துவிட்டது.)

ஏ.எம்.ஐ.இ.யையும் ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். கல்லூரி வாசலை மிதிக்காமல், வேலை பார்த்துக்கொண்டே, செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று ஒவ்வொரு பேப்பராக எழுதித் தேற வேண்டிய இன்ஜினீயரிங் பரீட்சை அது. என் சொந்த அண்ணன் செக்‌ஷன் ஏ-யிலேயே புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டார்.

பிறந்த நாள் விஷயத்துக்கு வருகிறேன். கேக் வெட்டும்போது தாத்தா இல்லாதது குழந்தைக்கு ஏமாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ‘யாரோ ஒரு அம்மா’ யார்? சிப்பாய் கல்யாணம் செய்தால், பிள்ளை பிறந்தால், அது பார்ட் டூ ஆர்டர் என்ற ராணுவப் பதிவில் ஏற வேண்டும். அந்தக் காலத்தில் பலர் அதை ஏற்றவில்லை. ஏற்றியவர்களிலும் ஆவணத்தில் மனைவி பெயர் ‘முனியம்மா’, ஆதாரில் ‘முனியம்மாள்’ என்று இருக்கும். புருஷன் இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. அவர் கண்ணை மூடியதும், அந்த ஒரு ‘ள்’ குடும்ப பென்ஷனுக்குக் குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரமாணப் பத்திரம், சாட்சி, முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பெங்களூரில் இருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் என்று அந்த அம்மா எங்கே அலைவார்? கூட நடக்க விவரம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். உங்கள் மகளுக்கு அடுத்த வருஷமும் பிறந்த நாள் வரும்.

குடும்பத்தை மறக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. ஆனால் உங்களை வளர்த்து, படிக்க வைத்து, ஆளாக்கியதோடு அவர் கடன் தீர்ந்தது. அதற்கு மேல் கடன் உங்கள் பக்கம். நான் பழைய காலத்து மனுஷி, இதில் என்னோடு வாதாட வேண்டாம். பென்ஷன் அவர் காசு. அதில் பாதியை அவர் ஏரியில் கொட்டினாலும் கேட்க உங்களுக்கு உரிமையில்லை. கேட்கும் உரிமை உள்ளவர் போய் நாலு வருஷமாகிறது.

உங்கள் அப்பாவிடமும் எனக்குச் சண்டை உண்டு. அந்த வயதில் பாசி பிடித்த படியில் இறங்கியது அசட்டுத்தனம். வீங்கின முட்டியோடு பெங்களூர் போயிருந்தால் அது அதைவிடப் பெரிய அசட்டுத்தனம். ஊரார் மனுவுக்கெல்லாம் அலைகிறவர், தன் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக் போயிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். அதற்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. ‘போய்ப் பாருங்கப்பா’ என்று போனில் சொன்னால் போகிற ஜாதி இல்லை அவர்.

அவரை நிறுத்த வழி கேட்டீர்கள், என்னிடம் இல்லை. சனிக்கிழமை ராத்திரியே ஊருக்குப் போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், லெவல் புக்கில் ரீடிங் எழுத ஓர் ஆள் தேவைப்படும். கரைக்குப் போனதும் போரைப் பற்றிக் கேட்கக் கிளம்பாதீர்கள். கோலை வாங்கிக்கொண்டு அவர் காட்டும் இடத்தில் போய் நில்லுங்கள். அவர் கையசைத்தால், கோலைக் கருவியின் பக்கமாகவும் எதிர்ப்பக்கமாகவும் மெல்ல ஆட்ட வேண்டும், இருப்பதிலேயே குறைந்த ரீடிங்கை அவர் எடுத்துக்கொள்வார். மறந்திருப்பீர்கள் என்றுதான் சொல்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கு அந்த வாரத்து 200 ரூபாயை உங்கள் பையிலிருந்து கொடுத்துவிடுங்கள், அவன் அதை நம்பி ஏதாவது யோசித்து வைத்திருப்பான்.