குழந்தையின் காலில் தோல் இறுகி, முழங்காலை மடக்க முடியாமல் போகிறது. இது என்ன நோய், குணமாகுமா?

என் மகளுக்கு ஆறு வயதில் இதே தொல்லை வந்தது. அவளுக்கு இருந்தது லீனியர் ஸ்க்லெரோடெர்மா என்னும் அரிய நோய். உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்க, அந்த அழற்சியால் கொலாஜன் என்னும், தோலுக்கு உறுதி தரும் புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்து, தோல் ஒரு பட்டையாக இறுகிவிடுகிறது. இது தொற்றுநோய் அன்று.

வலது தொடையின் முன்புறத்தில், ஓரம் கருத்தும் நடுவில் மெழுகு பூசியதுபோல் மினுமினுத்தும் ஒரு கோடு முதலில் தெரிந்தது. வலியோ அரிப்போ இல்லாததால் தேமல் என்று எண்ணி, மருந்துக் கடையில் வாங்கிய களிம்பை எட்டு மாதம் தடவிக்கொண்டிருந்தோம். அதற்குள் பட்டை முழங்காலைக் கடந்துவிட்டது. ஒரு திருமணப் பந்தியில் எல்லோரும் சம்மணமிட்டு அமர்ந்திருக்க, அவள் மட்டும் ஒரு காலை நீட்டிக்கொண்டிருப்பதை என் தாயார்தான் கவனித்தார். அந்த எட்டு மாதங்களை நினைத்து நான் இன்றும் வருந்துகிறேன், ஏனெனில் இவ்வகை நோய் தோலோடு நில்லாமல் கொழுப்பு, தசை, சில வேளை எலும்பு வரை இறங்கி, வளரும் காலின் நீளத்தையே குறைத்துவிடக்கூடும்.

தோல் மருத்துவர் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்து நோயை உறுதி செய்தபின், குழந்தைகளுக்கான மூட்டுநோய் நிபுணரிடம் சென்றோம். முதல் சில மாதங்கள் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும், அதனுடன் எதிர்ப்பாற்றலின் மிகைச் செயலை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தும் கொடுத்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு முறைதான். தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், நாங்கள் ஞாயிற்றுக்கிழமையை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தோம். ஃபோலிக் அமில மாத்திரை, ரத்த அணுக்களுக்கும் கல்லீரலுக்கும் உரிய பரிசோதனைகள், அறிகுறியே காட்டாமல் கண்ணில் அழற்சி வரலாம் என்பதால் கண் பரிசோதனை ஆகியவையும் தொடர்ந்தன.

இணையத்தில் ஸ்க்லெரோடெர்மா என்று தேடினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் வகையைப் பற்றிப் படித்து அஞ்சுவீர்கள். அது வேறு வகை. இது அதுவாக மாறுவது மிக அரிது. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தொடையும் இடுப்பும் இருபுறமும் கல்போல் இறுகியிருந்தால், 1971இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஸ்டிஃப் ஸ்கின் சிண்ட்ரோம் என்ற மரபணு நோயாகவும் இருக்கலாம் என்பதால், அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

குணமாகுமா என்றால், நோயின் வேகத்தை நிறுத்த முடியும். ஏற்கெனவே இழந்ததை முழுமையாக மீட்க முடிவதில்லை. பட்டை இளகியபின்பும் எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் மருந்து தொடர்ந்தது. தினமும் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மெல்ல மடக்குவோம். இப்போது பத்து வயதில் சம்மணமிட்டு அமர்கிறாள். கெண்டைச்சதை மெலிந்தே இருக்கிறது, வலது செருப்பில் சிறு கூடுதல் அட்டை வைத்திருக்கிறோம். நோய் ஆண்டுகள் கழித்தும் திரும்பலாம் என்பதால், மாதந்தோறும் இரு முழங்கால்களும் மடங்கும் அளவைக் குறித்து வருகிறோம்.