பக்கத்து மனையின் மண்மேட்டால் வீடு அமிழ்ந்தால் வழக்குத் தொடுக்க முடியுமா?

கேள்வி: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய மனையில் 2014-இல் வீடு கட்டினோம். 2022-இல் பக்கத்து மனைக்காரர் 2 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டினார். 2024 இறுதியில் அந்தப் பக்கச் சுவரில் விரிசல் விழுந்தது, தரையும் சரிகிறது. "என் இடத்தில் மண் கொட்டி மூன்று ஆண்டு கடந்துவிட்டது, இனி என்ன வழக்கு?" என்கிறார். எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. சதுப்புக் களிமண்ணின் மேல் ஏறும் பாரத்தை முதலில் தாங்குவது துகள்களுக்கு இடையே நிற்கும் நீர்தான். அந்நீர் கசிந்து வெளியேற வெளியேறத்தான் பாரம் துகள்களுக்கு மாறி, மண் இறுகி அமிழ்கிறது. களிமண்ணில் நீர் மிக மெதுவாகவே நகரும் என்பதால் இது பல ஆண்டுகள் நீளக்கூடும். 2 மீட்டர் மேடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை டன் பாரம். அதன் அழுத்தம் ஆழத்தில் பக்கவாட்டிலும் பரவி, எல்லைக்கல்லைத் தாண்டி உங்கள் அடித்தளத்தின் கீழும் வந்து சேரும். ஒரு செயல் குறிப்பிட்ட கேடு விளைந்த பிறகே வழக்குக்கு இடம் தருமானால், கேடு விளைந்த நாளிலிருந்தே காலம் கணக்கிடப்படும் என்று 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே வழக்குத் தொடுக்க உங்களுக்குள்ள மூன்று ஆண்டுக் காலவரம்பு விரிசல் விழுந்த நாளில்தான் தொடங்குகிறது.

பிறர் நிலத்தின் மேல் ஒருவருக்குள்ள பயன்பாட்டு உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தை நம்ப வேண்டாம். கட்டடத்துக்குப் பக்கத்து நிலத்தின் தாங்குதலை உரிமையாகக் கோர 20 ஆண்டு அனுபோகம் வேண்டும், உங்கள் வீட்டுக்கு அது இல்லை. கவனக்குறைவு, தொல்லை ஆகிய தீங்கியல் (ஒருவர் மற்றவருக்கு இழைத்த தீங்குக்கு ஈடு கோரும் சட்டம்) அடிப்படையிலேயே இழப்பீடு கேளுங்கள்.

எதிர்த்தரப்பு, உங்கள் வீடு தன் எடையாலேயே அமிழ்ந்தது என்று நிச்சயம் வாதிடும். எட்டு ஆண்டு அசையாமல் நின்ற வீடு மேடு எழுந்த பிறகு, மேட்டை ஒட்டிய பக்கம் மட்டும் இறங்கியது என்பதே அதற்கு மறுமொழி. ஆனால் அதை அளவுகளால் மெய்ப்பிக்க வேண்டும். எனவே விரிசலைப் பூசி மறைக்காதீர்கள். அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதியிட்டுப் படம் எடுங்கள்; விரிசல் விரிந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். வழக்குத் தாக்கல் செய்ததும், உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 26, விதி 9-இன்கீழ் வழக்கறிஞர் ஆணையரை (நீதிமன்றத்துக்காக இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர்) நியமிக்கவும், மண் இயல் பொறியாளர் ஒருவர் அவருடன் சென்று துளையிட்டு மண் பரிசோதனை செய்யவும் மனுச் செய்யுங்கள்.

மேட்டை அகற்றினாலும் அமிழ்ந்த வீடு பழைய மட்டத்துக்கு எழும்பாது. எனக்குப் பெரிய கவலை, அந்த மேட்டின் மேல் இனி எழக்கூடிய கட்டடம்தான். பரிசோதனை முடியும்வரை அங்கே புதிய பாரம் ஏற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் கட்டளை 39-இன்கீழ் இடைக்காலத் தடை கோருவதை இழப்பீட்டுக்கும் முன்னதாக வையுங்கள்.