பழைய ரைசனுக்கு பி-ஸ்டேட் ஓவர்கிளாக்கிங்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: என்னிடம் ஏஎம்டி ரைசன் 7 1700 பிராசசரும் பி350 மதர்போர்டும் உள்ளன. வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ‘கஸ்டம் பி-ஸ்டேட்’ வழியாக வேகத்தைக் கூட்டினால், வேலை இல்லாதபோது பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்கிறார் நண்பர். இதற்காகப் பெரிய கூலர் ஒன்று வாங்க நினைக்கிறேன். செலவு தகுமா? (வாசகர், வேலூர்)

பதில்: நண்பர் சொன்னது சரி. ஆலை குறித்ததைவிடக் கூடுதல் வேகத்தில் பிராசசரை ஓட்டும் இதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர். உங்கள் பிராசசரும் இதற்குத் தோதானது. ஆனால் கூலர் வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள்.

2017 மார்ச்சில் ரைசன் 7 வரிசையில் மூன்று பிராசசர்கள் வந்தன. 1700-இன் அறிமுக விலை 329 டாலர், 1800எக்ஸ் 499 டாலர். இரண்டிலும் கோர்கள் எனப்படும் அதே எட்டு கணிப்பு அலகுகள்தான். ஆலையில் குறிக்கப்பட்ட வேகமும் மின்வரம்பும்தான் வேறு. 1700-க்கு அடிப்படை வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸ். ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் உழைக்கும்போது 3.7 வரை ஏறும். எட்டு கோர்களும் சேர்ந்து உழைக்கும் ரெண்டரிங்கில் (எடிட் செய்ததை இறுதி வீடியோவாக்கும் வேலை) அந்த 3.7 கிடைக்காது. அங்கேதான் உங்களுக்கு லாபம் இருக்கிறது. எட்டு கோர்களையும் 3.7 அல்லது 3.8-இல் நிறுத்தினால் ரெண்டரிங் நேரம் கண்கூடாகக் குறையும். ஒற்றைக் கோர் வேகத்தையும் இழக்க மாட்டீர்கள். 1800எக்ஸ் வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை. அது தானாகவே 4.0 வரை போகும். எல்லா கோர்களையும் 3.9-இல் பூட்டினால் ஒரு பக்கம் கிடைத்தது மறுபக்கம் போய்விடும்.

பி-ஸ்டேட் என்பது பிராசசருக்குள் பதிந்திருக்கும் வேக நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வேகமும் அதற்குரிய மின்னழுத்தமும் உண்டு. 1700-இல் பி0 3.0 கிகாஹெர்ட்ஸ், பி1 2.7, பி2 1.55. எந்த நேரத்தில் எந்த நிலை வேண்டும் என்பதை விண்டோஸ் கேட்டு வாங்கிக்கொள்ளும். பயாஸின் முதல் பக்கத்தில் பெருக்கியையும் (வேகத்தை நிர்ணயிக்கும் எண்) மின்னழுத்தத்தையும் நேரடியாக நிர்ணயித்தால், பல மதர்போர்டுகளில் கணினி சும்மா இருக்கும்போதும் அதே வேகத்தில், அதே மின்னழுத்தத்தில் நிற்கும். பி0-வை மட்டும் திருத்தினால் கீழ்நிலைகள் அப்படியே இருக்கும். உழைக்கும்போது 3.8, ஓய்வில் 1.55.

இந்த அமைப்பு பெரும்பாலும் ‘ஏஎம்டி சிபிஎஸ்’ என்ற பிரிவுக்குள், ‘ஜென் காமன் ஆப்ஷன்ஸ்’ என்பதன் கீழ் இருக்கும். உள்ளே நுழையும்போது பொறுப்புத்துறப்பு எச்சரிக்கை ஒன்று வரும். அதைப் படித்துவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள். பி1, பி2 இரண்டையும் தொட வேண்டாம். முதல் பக்கத்தில் மின்னழுத்தத்தை நிலையான எண்ணாக வைக்காமல் ‘ஆட்டோ’விலேயே விடுங்கள், நிலையாக வைத்தால் வேகம் குறையும், மின்னழுத்தம் குறையாது. அப்புறம் பி-ஸ்டேட்டுக்கே அர்த்தமில்லை. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் குறைந்தபட்ச நிலை எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். 2017 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ‘ரைசன் பேலன்ஸ்டு’ திட்டத்தில் அது 90 சதவீதம். அந்தத் திட்டம் இருந்தால் வேகம் கீழே இறங்காது; பயாஸில் ஏதோ தவறு என்று பலர் நாள்கணக்கில் தேடுவது இதனால்தான். விண்டோஸின் வழக்கமான ‘பேலன்ஸ்டு’ திட்டத்துக்கு மாறினால் போதும்.

இனி செலவு. வெப்பம் வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 1.2 வோல்ட்டில் 3.0 கிகாஹெர்ட்ஸ் ஓடுவதை 1.35 வோல்ட்டில் 3.8 ஆக்கினால், வேகம் 27 சதவீதம் கூடும். மின்செலவு கணக்குப்படி சுமார் 60 சதவீதம் கூடும். அந்தச் சுமையைத் தாங்க வேண்டியது பிராசசர் மட்டுமல்ல. பிராசசருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் மின்சுற்றும் தாங்க வேண்டும். பிராசசர் சாக்கெட்டுக்கு இடப்புறமும் மேற்புறமும் வரிசையாக இருக்கும் சிறு கறுப்புச் சில்லுகள்தான் அவை. விலை குறைந்த பி350 மதர்போர்டுகள் சிலவற்றில் அவற்றின்மேல் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் கூடக் கிடையாது. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். ஹீட்சிங்க் இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த கூலரும் உங்களைக் காப்பாற்றாது; 3.5 அல்லது 3.6-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிராசசரைவிட்டுத் தள்ளி ரேடியேட்டர் வைக்கும் நீர்க்குளிர்விப்பான்கள் அந்தச் சில்லுகளின் மேல் காற்றே வீசாது என்பதையும் கவனியுங்கள்.

ஹீட்சிங்க் இருந்தால், 1700-உடன் பெட்டியிலேயே வந்த ‘ரெய்த் ஸ்பயர்’ கூலரை வைத்தே 3.6-இல் தொடங்கிப் பாருங்கள். வேலூரில் டிசம்பரில் நிலையாக ஓடுவது மே மாதத்தில் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அறை வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். முழுச் சுமையில் 80 டிகிரிக்குள் நிற்கும்படி, கோடைக்கும் இடம் விட்டு வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பிராசசரைத் தொடுவதற்கு முன் ரேமைப் பாருங்கள். முதல் தலைமுறை ரைசனில் கோர்களை இணைக்கும் உள்பாதை ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டது. 2933 அல்லது 3200 எனக் குறிக்கப்பட்ட டிடிஆர்4 ரேமை வாங்கி, பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதில் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்காமல் 2133-இலேயே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அதைச் சரிசெய்யக் காசு வேண்டாம். பயாஸைப் புதுப்பித்துவிட்டு முயலுங்கள். 2017 மே மாதத்துக்குப் பிந்தைய பயாஸ்களில்தான் ரேம் ஆதரவு நன்றாக மேம்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் செலவழிக்கப் பணம் கையில் இருந்தால், கூலரில் போடாதீர்கள். 2022 முதல் பல பி350 மதர்போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசையை ஏற்கும் பயாஸ் வந்திருக்கிறது. உங்கள் மாடலின் பிராசசர் பட்டியலைத் தயாரிப்பாளரின் தளத்தில் சரிபாருங்கள். இருக்குமானால் ரைசன் 7 5700எக்ஸ் போன்ற ஒன்று, அதே 65 வாட் வரம்பில், எந்த ஓவர்கிளாக்கிங்கும் எட்டாத உயரத்துக்கு உங்களைக் கொண்டுபோகும்.

கேள்வி: பி0-வில் 3.8 கிகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று எஃப்ஐடி கட்டத்தில் 38 என்று போட்டேன். கணினி முன்பைவிட மெதுவாகிவிட்டது. பிராசசர் கெட்டுவிட்டதா? விஐடி கட்டத்தில் 13 போட்டால் 1.3 வோல்ட் வருமா? (வாசகர், ஈரோடு)

பதில்: பிராசசர் கெடவில்லை. விஐடியில் 13 என்று மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

வேகத்துக்கான எஃப்ஐடி, அதை வகுக்கும் டிஐடி, மின்னழுத்தத்துக்கான விஐடி ஆகிய கட்டங்கள் நாம் பழகிய பத்தடிமான எண்களை எதிர்பார்ப்பதில்லை. பதினாறு நிலை எண்முறையில் (ஹெக்சாடெசிமல்) எதிர்பார்க்கின்றன. அங்கே 38 என்றால் மூன்று பதினாறும் எட்டும், அதாவது 56. டிஐடி கட்டத்தில் 8 இருந்தால் ஒவ்வொரு எண்ணும் 25 மெகாஹெர்ட்ஸ். 56-ஐ 25-ஆல் பெருக்கினால் 1400. நீங்கள் கேட்டது 1.4 கிகாஹெர்ட்ஸ், பிராசசர் கொடுத்ததும் அதுவே. 3.8 வேண்டுமானால் 152 வேண்டும். பதினாறு நிலையில் அது 98. 3.7-க்கு 94. 3.6-க்கு 90.

விஐடி இதைவிட ஆபத்தானது. அது தலைகீழாக ஓடுகிறது: 1.55 வோல்ட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் 0.00625 வோல்ட் கழிகிறது. எண் சிறிதாகச் சிறிதாக மின்னழுத்தம் கூடும். நீங்கள் நினைத்த 13 என்பது 19, 1.55-இலிருந்து 0.119 கழிந்தால் ஏறத்தாழ 1.43 வோல்ட். பூச்சியம் போட்டால் முழு 1.55. 1.25 வோல்ட்டுக்கு 30, 1.30-க்கு 28, 1.35-க்கு 20 என்று போட வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு 1.35 வோல்ட் வரை ஏற்கத்தக்கது, 1.45 வரை தாங்கினாலும் பிராசசரின் ஆயுள் குறையக்கூடும் என்று 2017-இல் ஏஎம்டியே சொன்னது. ஆகவே விஐடியில் 20-க்குக் கீழே எதையும் எழுதாதீர்கள். 3.6 கிகாஹெர்ட்ஸ், 30 என்று தொடங்குங்கள். பிராசசருக்குச் சுமை தரும் பிரைம்95, சினிபெஞ்ச் இரண்டும் தடுமாறாமல் ஓடுகின்றனவா என்று பார்த்து, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பத்தையும் உண்மையான மின்னழுத்தத்தையும் கவனித்துக்கொண்டே ஒரு படி ஏறுங்கள். ஒரு முழு ரெண்டரிங்கை முடித்துப் பாருங்கள். கணினியைத் தூங்க வைத்து எழுப்பிய பின்னும் அதே வேகம் இருக்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள்.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டின் கையேட்டில் சொன்ன இடத்தில் பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் சிமாஸை அழிக்கலாம், அல்லது சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டலாம். எல்லாம் ஆலை அமைப்புக்குத் திரும்பிவிடும். இந்தச் சோதனைகளுக்கு முன் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைப்பது கட்டாயம். நிலையற்ற ஓவர்கிளாக்கிங் கணினியை நிறுத்துவதோடு நிற்காது, கோப்புகளைச் சத்தமில்லாமல் சிதைக்கவும் செய்யும்.

கேள்வி: ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய ரைசன் 7 1700, ஏ320 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் சேர்த்துத் தருகிறார்கள். “4.0 கிகாஹெர்ட்ஸ் ஓவர்கிளாக் செய்து தருகிறோம்” என்று கூடுதல் தொகை கேட்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: கூடுதல் தொகையைக் கொடுக்காதீர்கள். ஏ320 சிப்செட்டில் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய ஏஎம்டி அனுமதிப்பதில்லை. அதற்குப் பி350, எக்ஸ்370 அல்லது அவற்றுக்குப் பின் வந்த பி450, எக்ஸ்470 வேண்டும். இந்த 1700-களில் 4.0 கிகாஹெர்ட்ஸை நிலையாகத் தாங்குபவையும் எல்லாம் அல்ல. சில்லுக்குச் சில்லு மாறும். எனவே ஓவர்கிளாக்கிங்கைத் தனிப் பொருளாக யார் விற்றாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பிராசசரை மட்டும் வாங்குவதென்றால் மூன்றைப் பாருங்கள். அடியில் உள்ள தங்கநிற ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா; கடையிலேயே அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டுகிறார்களா; பில் தருகிறார்களா. 2017-இன் முற்பாதியில் தயாரான சில பிராசசர்கள் லினக்ஸில் நிரல்களைக் கடுமையாகக் கம்பைல் செய்யும்போது (இயங்கும் வடிவுக்கு மாற்றும்போது) பிழை காட்டின. ஏஎம்டி அவற்றை மாற்றிக் கொடுத்தது. நீங்கள் லினக்ஸ் பயன்படுத்துபவர் என்றால் அந்தச் சோதனையையும் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று: முதல் தலைமுறை ரைசன் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. லினக்ஸுக்கு என்றால் இது இன்றும் நல்ல எட்டு கோர் பிராசசர். விண்டோஸுக்கு என்றால் விலை மிகக் குறைவாக இருந்தாலொழிய வேண்டாம்.

கடைக்காரர் வாக்குறுதி தந்தால் அதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதித் தந்ததும் கையில் இருப்பதும் வேறாக இருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு வாதாடுவது கடினம்.

கேள்வி: புதிதாக ரைசன் 5 5600 வாங்கியிருக்கிறேன். இதிலும் பி-ஸ்டேட் திருத்தினால் வேகம் கூடுமா? உத்தரவாதம் போய்விடுமா? (வாசகர், மதுரை)

பதில்: திருத்தலாம், ஆனால் நஷ்டப்படுவீர்கள். 5600-இன் அடிப்படை வேகம் 3.5, தேவைப்படும்போது 4.4 வரை தானே ஏறும். பி0-வை அடிப்படை வேகத்துக்கு மேலே உயர்த்தினால் அந்தத் தானியங்கி ஏற்றம் நின்றுவிடும். எல்லா கோர்களையும் 4.4-இல் பூட்டியும் ஒற்றைக் கோரில் ஒன்றும் கூடாது; வெப்பம்தான் கூடும். 1700-இல் 3.0-க்கும் 3.7-க்கும் இடையே விட்டுவைத்த இடத்தை, பின்வந்த தலைமுறைகளில் பிராசசரே நிரப்பிக்கொள்கிறது.

5000 வரிசைக்கு ஏற்ற வழி ‘கர்வ் ஆப்டிமைசர்’. 2020 இறுதியில் வந்தது. ஒவ்வொரு கோரும் கேட்கும் மின்னழுத்தத்தை அது சிறிது குறைக்கிறது; மிச்சமாகும் வெப்பத்தைப் பிராசசர் வேகமாக மாற்றிக்கொள்கிறது. எதிர்த்திசையில் (நெகட்டிவ்) 10 என்று தொடங்கி 15, 20 எனப் போங்கள், 30-தான் எல்லை. சுமையில்லாத நேரத்தில் கணினி திடீரென மறுதொடக்கம் ஆனால் அளவு அதிகம் என்று பொருள், ஐந்து பின்வாங்குங்கள்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை ஏஎம்டி தெளிவாகவே சொல்கிறது: குறிப்பிட்ட வரம்புக்கு வெளியே இயக்கியதால் வந்த சேதத்தை அது ஏற்காது, ஓவர்கிளாக்கிங்குக்கான வசதியை ஏஎம்டியே தந்திருந்தாலும்கூட. கர்வ் ஆப்டிமைசரும் இதில் அடங்கும். ஓவர்கிளாக்கிங்கில் போனதையும் மாற்றிக் கொடுக்கும் தனித் திட்டம் ஒன்றை இன்டெல் விற்றுவந்தது, 2021-இல் அதையும் நிறுத்திவிட்டது. பெட்டியில் அடைத்து விற்கும் ஏஎம்டி பிராசசருக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. பெட்டியில்லாமல் தட்டில் வைத்து விற்பதற்கு விற்றவர்தான் பொறுப்பு. விலை சற்றுக் குறைகிறதே என்று தட்டுப் பிராசசரை வாங்கும்போது, அந்தக் கடை மூன்று ஆண்டு கழித்தும் இருக்குமா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: பி-ஸ்டேட் முறையில் ஓவர்கிளாக் செய்தால் மின்கட்டணம் மிச்சமாகுமா? (வாசகர், சேலம்)

பதில்: பெரிதாக ஆகாது. ஓய்வில் இருக்கும் கோர்களை ரைசன் தூக்க நிலைக்கு அனுப்பி மின்சாரத்தையே துண்டித்துவிடுகிறது, வேகம் 1.55 ஆனாலும் 3.8 ஆனாலும் அந்தக் கோருக்கு ஒன்றுதான். இலேசான வேலைகளில் மின்னழுத்தம் குறைவதும், பிராசசர் குளிர்ந்து விசிறிச் சத்தம் அடங்குவதும்தான் பயன். சுமையில் கூடுவதோ நிச்சயம். முழு வேகத்தில் 60 வாட் கூடுவதாகவும், நாளுக்கு மூன்று மணி நேரம் ரெண்டரிங் நடப்பதாகவும் வைத்துக்கொண்டால் இரண்டு மாத பில்லில் பதினொரு யூனிட்டுக்குள் அடங்கும். ஆனால் 500 யூனிட்டை ஒட்டியே நிற்கும் வீடு என்றால் கட்டண அடுக்கு மாறிவிடும். அதனால் முதலில் போன பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.